குழந்தையைப் பகலில் வளர்ப்பது யார்? கோலாலம்பூர் பிளாட் ஒன்றில் நடந்த தாதியர் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

14 மாதப் பையன். பிறக்கும்போது எடை சரியாகவே இருந்தது. 6 மாதம் வரை வளர்ச்சிக் கோடு நன்றாக ஏறியது. 9ஆம் மாதம் எம்எம்ஆர் தடுப்பூசிக்கு வந்தபோது கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. 12ஆம் மாதம் அடுத்த ஊசிக்கு வந்தபோது ஏறக்குறையத் தட்டை. ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் அம்மாவிடம் எடுத்துச் சொன்னார்கள்: முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள், கஞ்சியைக் கெட்டியாக ஊட்டுங்கள். "சரி மிஸ்ஸி" என்று அம்மாவும் தலையாட்டினார். அக்கறையில்லாத பெண் அல்ல. ஒரு தவணையைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் எடை ஏறவில்லை.

காரணம் எளிமையானதுதான், கண்டுபிடிக்கத்தான் நாளானது. அம்மா காலை 6 மணிக்கெல்லாம் துப்புரவு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். வீடு திரும்ப இரவு 8 ஆகிறது. அப்பா லாரியில் உதவியாள். சில நாள் வீட்டுக்கே வருவதில்லை. பகல் முழுக்கக் குழந்தை 8ஆவது மாடியில் ஒரு பாட்டியிடம் இருக்கிறது. அந்தப் பாட்டியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை.

செந்தூல் வட்டாரத்தில், பிபிஆர் எனப்படும் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடி ஒன்றில், வீடு தேடிப் போகும் தாதியருக்கும் தொண்டூழியர்களுக்கும் நடந்த பயிற்சியின் பதிவு இது. பயிற்றுநர்களில் நானும் ஒருத்தி. பல ஆண்டுகள் சமூகத் தாதியாக வேலை பார்த்தவள். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிளாட்டின் பெயரையும் பயிற்சியை நடத்திய தொண்டு அமைப்பின் பெயரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி சொல்லவில்லை.

பிளாட்டும் அதன் குழந்தைகளும்

பிபிஆர் வீடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மூன்று அறை, மாத வாடகை 124 ரிங்கிட், ஒரு கட்டடத்தில் 17, 18 மாடி. புறம்போக்குக் குடிசைகளை அகற்றியபோது அங்கிருந்தவர்களை இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் குடியேற்றினார்கள். அவர்களில் பலர் அதற்கு முன்னால் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்.

2018இல் யூனிசெஃப் கோலாலம்பூரின் மலிவு விலை பிளாட்டுகளில் வாழும் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்தக் குழந்தைகளில் 5 வயதுக்கு உட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். இது பட்டினி கிடக்கும் ஊர் அல்ல. கீழ்த்தளத்தில் மளிகைக் கடை இருக்கிறது, எதிரே ரொட்டிச்சானாய் கடை இருக்கிறது, பேரங்காடி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான நிலையும் நல்லபடியாக இல்லை. தேசிய சுகாதார ஆய்வின்படி 2015இல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 17.7 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். 2022இல் அது 21.2 விழுக்காடு. நாடு வளர்ந்த அதே ஆண்டுகளில் குழந்தைகளின் உயரம் பின்னால் போயிருக்கிறது. இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

தடுப்பூசி அட்டவணையும் ஒரு விதத்தில் இதோடு சேர்ந்துகொள்கிறது. தீபகற்பத்தில் 18ஆம் மாதம் போடும் ஊசிக்குப் பிறகு அடுத்த ஊசி 7 வயதில், பள்ளிக்கூடத்தில். இடையில் கிளினிக்குக்கு வரவேண்டிய தவணைகள் உண்டு. ஆனால் ஊசி இல்லை என்றதும் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருவதற்கான காரணம் குறைந்துவிடுகிறது. பேச்சும் நடையும் புத்தியும் வேகமாக வளரும் அந்த ஆண்டுகளில் பல குழந்தைகளை எந்தத் தாதியின் கண்ணும் பார்ப்பதில்லை. அதனால்தான் நாம் வீடு தேடிப் போக வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் இருந்தது, இங்கே இல்லாதது

1950களில் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டத்தில் சுமார் 2,000 பேருக்கு ஒரு பேறுகால மருத்துவச்சி. கிளினிக்கும் அவர் குடியிருப்பும் ஒரே கட்டடம். 1970களில் அந்த மருத்துவச்சிகளுக்குக் குழந்தை நலத்திலும் பயிற்சி கொடுத்துக் கிராமத் தாதியராக்கினார்கள். மலேசியாவில் தாய்மார் இறப்பும் குழந்தை இறப்பும் அவ்வளவு வேகமாகக் குறைந்ததற்கு இந்தப் பெண்கள் ஒரு பெரிய காரணம். அவர்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். எந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் பேச்சு எடுபடும் என்பது அவர்களுக்குக் கேட்காமலே தெரியும்.

தோட்டங்களின் கதை வேறு. அது தனியார் நிலம். அங்கே மருத்துவம் நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு டிரசர் (மருத்துவ உதவியாளர்), ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஓர் ஆயாக்கொட்டகை. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப்போவார்கள். அந்தக் கொட்டகைகளில் பல மோசமாகவே இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை பகலில் எங்கே இருக்கிறது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தோட்டங்கள் கைமாறி, வீடமைப்பாகவும் எண்ணெய்ப்பனையாகவும் மாறி, ஜனங்கள் நகரத்துக்கு வந்தபோது ஆயாக்கொட்டகை கூட வரவில்லை. அந்த வேலையை இப்போது மாடிக்கு ஒரு பாட்டி தன் வீட்டு ஹாலில் செய்கிறார். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

பயிற்சியின் வேர்கள்

வீடு தேடிப் போகும் தாதி என்ற பணி இங்கிலாந்தில் 1862இல், மான்செஸ்டர்–சால்ஃபோர்டு பகுதியில் ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கப் பெண்களை அனுப்பியதிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று அங்கே ஏற்கெனவே தாதியாகவோ மருத்துவச்சியாகவோ தேர்ந்தவர்கள் மேற்கொண்டு படித்துத்தான் இந்தப் பணிக்கு வருகிறார்கள். 2011இல் அங்கே வகுத்த திட்டம் இந்தச் சேவையை நான்கு நிலையாகப் பிரித்தது. அதில் முதல் நிலை சமூகம். குடும்பத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் குடும்பம் வாழும் இடத்தில் என்னென்ன பலம் இருக்கிறது, யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தாதி அறிந்து வளர்க்க வேண்டும் என்பது அதன் பொருள். 2015க்குள் 4,200 பேரைக் கூடுதலாகச் சேர்ப்பது அந்தத் திட்டத்தின் இலக்கு. அதற்குப் பிறகு ஆள் எண்ணிக்கை மறுபடி குறைந்துபோனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணம் நின்றால் இந்த வேலையும் நின்றுவிடும்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது ஜமைக்கா. 1980களின் நடுவில் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. பட்டதாரிகள் வேண்டியிருக்கவில்லை, சமூகச் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் வீட்டுக்குப் போனார்கள். காலி டப்பாவிலும் துணியிலும் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து விளையாடப் பழக்கினார்கள். 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அப்படி வீடு தேடிப் போய்ப் பார்க்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். இதை வகுப்பில் சொன்னதும் தாதியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எடை பார்ப்பதும் ஊசி போடுவதும்தான் தங்கள் வேலை என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2012இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சிப் பராமரிப்புப் பயிற்சியிலிருந்து கேள்விகளை எடுத்துக்கொண்டோம். பிள்ளையோடு எப்படி விளையாடுவீர்கள்? எப்படிப் பேசுவீர்கள்? சிரிக்க வைக்க என்ன செய்வீர்கள்? ஆம், இல்லை என்று பதில் சொல்லித் தப்ப முடியாத கேள்விகள். பதில் வரும்வரை தாதி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சியில் இதுதான் ரொம்பச் சிரமமாக இருந்தது.

வாய் திறக்காத முதல் கட்டம்

முதல் கட்டத்தில் யாருக்கும் எந்த அறிவுரையும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தோம். நடக்க வேண்டும், பார்க்க வேண்டும், வரைய வேண்டும். மாடிக்கு ஒரு தாள். எந்த வீட்டு வாசலில் சின்னச் செருப்புகள் நிறையக் கிடக்கின்றன, எந்த மின்தூக்கி வேலை செய்கிறது, பெண்கள் எங்கே நின்று பேசுகிறார்கள், யாரிடம் மண்டபச் சாவி இருக்கிறது, இவையெல்லாம் அந்தத் தாளில் வரவேண்டும்.

பகலில் போனவர்கள் வெறும் கதவுகளைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள். ஓய்வுபெற்ற தாதி ஒருவர்தான், "காலையில 6 மணிக்கு வந்து பாருங்க" என்றார். அப்படியே போனோம். அந்த நேரத்தில் பிளாட் வேறு பிளாட்டாக இருக்கிறது. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் பால்டின்னும் துணிப்பையுமாக அம்மாக்கள் மாடி மாறுகிறார்கள். பாதி திறந்த இரும்புக் கதவு வழியாகப் பிள்ளை கைமாறுகிறது. சாயங்காலம் 7 மணிக்கு மேல் இதே காட்சி திரும்பும். கிளினிக் திறந்திருக்கும் நேரம் முழுக்க இந்த இரண்டு கைமாற்றங்களுக்கும் நடுவில்தான் வருகிறது. பிள்ளையைப் பெற்றவரையும் பார்த்துக்கொள்பவரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் காலை 6 மணிக்கோ இரவு 7 மணிக்கோதான் முடியும். அதனால் வருகைகளைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். பாதுகாப்புக்காக எப்போதும் இருவர் இருவராகப் போனார்கள்.

அந்த மாடித் தாள்களில்தான் 8ஆவது மாடிப் பாட்டி எங்களுக்குத் தெரியவந்தார். அவர் வாசலில் ஐந்து ஜோடிச் சின்னச் செருப்பு.

பாட்டியின் ஹாலில்

அந்த மாடிக்குப் போனவர்கள் ஓர் இளம் தமிழ்த் தாதியும் அவருடைய மலாய்த் தோழியும். சீருடை போடாமல் போகச் சொல்லியிருந்தோம். முதல் நாள் பாட்டி கதவின் இரும்புக் கம்பியைத் திறக்கவே இல்லை. "பிள்ளைங்க தூங்குது, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது முறை, பிள்ளையின் அம்மாவையே கூட்டிக்கொண்டு போனார்கள். பாட்டி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். யாரும் பதிவேட்டைத் திறக்கவில்லை.

மூன்றாவது சந்திப்பு ஒரு சனிக்கிழமை மத்தியானம், சரியாக ஊட்டும் நேரம். தாதி சும்மா உட்கார்ந்து பார்த்தார். பாட்டி ஐந்து பிள்ளைகளுக்கும் வரிசையாகப் பால் போத்தல் கொடுத்தார். பெரிய பிள்ளைகளுக்கு, தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட். நம் பையனின் பால்டின் (பால்மாவு டின்) அன்றைக்கு அடிமட்டத்தில் இருந்தது. பாட்டி அளவுக் கரண்டி ஒன்றைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, டின்பால் (இனிப்பான கெட்டிப் பால்) ஒரு கரண்டி விட்டுக் கலக்கினார். பக்கத்தில் தொலைபேசியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் தாதியின் முகம் மாறியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். மாறவில்லை. "ஏன் பாட்டி, சோறு சாப்பிட மாட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

"சாப்பிடுவான்மா. ஆனா அவனுக்கு ஊட்ட முக்கா மணி நேரம் ஆகுது. மத்ததுங்க நாலும் அதுக்குள்ள ஆளுக்கொரு பக்கம் ஓடிருதுங்க. ஒண்ணு பால்கனி பக்கம் போச்சுன்னா நா என்ன பண்றது? பாலுன்னா படுத்துக்கிட்டே குடிச்சிருவான்."

8ஆவது மாடி. பாட்டி சொன்னது முழுக்க முழுக்க நியாயம். பிள்ளைக்கு முட்டையும் மீனும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவர். நேரமும் கையும் போதவில்லை, அவ்வளவுதான். பால்டின் மாதம் முடியுமுன்னே காலியாவது அம்மாவின் சம்பளப் பிரச்சினை. அதை அம்மாவிடம் சொல்லப் பாட்டிக்குக் கூச்சம், கேட்க அம்மாவுக்குக் கூச்சம். இருவருக்கும் நடுவில் பிள்ளையின் எடை ஏறாமலே நின்றது.

தாதியின் குறிப்பேட்டில் அன்று எழுதப்பட்டவை: பால் நீர்த்திருக்கிறது. டின்பால் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல, டின்னிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. தேயிலையிலுள்ள டானின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இந்த மூன்றையும் அவர் அன்றே பாட்டியிடம் சொல்லவில்லை. தேத்தண்ணியை மட்டும் சொன்னார், அதுவும் காரணத்தோடு. மற்றவற்றை அம்மாவும் இருக்கும் நேரத்தில் பேசலாம் என்று வந்துவிட்டார். இந்த நிதானத்தை ஒரு புத்தகம் கற்றுக்கொடுக்காது. கூட இருந்து பழக்கினால்தான் வரும்.

பாட்டிகள் வைத்த பரீட்சை

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கீழ்த்தள மண்டபத்தில் பாட்டிகளையும் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காக்களையும் வரச் சொன்னோம். தாதியர் ஒவ்வொருவராக வந்து அவர்களோடு பேச வேண்டும். மதிப்பெண் போடுவது பாட்டிகள்.

அவர்கள் கவனித்தவை நாங்கள் பாடத்திட்டத்தில் எழுதாதவை. ஒரு தாதி உட்கார்ந்ததும், "நல்லா கொழுகொழுன்னு இருக்கானே!" என்று பிள்ளையைக் கொஞ்சினார். பாட்டிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையின் உடம்பைப் பார்த்து வாய்விட்டுப் புகழ்ந்தால் கண்படும். அந்தத் தாதி போனதும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போட வேண்டியதுதான். "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ்ஸி. நாங்க செய்யிறத நல்லாருக்குன்னு சொல்லுங்க, போதும்" என்றார் ஒரு பாட்டி. பராமரிப்பவரின் செயலைப் பாராட்டு என்றுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் பயிற்சியும் சொல்கிறது. பாட்டி வேறு வழியில் அதே இடத்துக்கு வந்துவிட்டார்.

இன்னொரு தாதி, கையில் பிள்ளை இருக்கும்போதே படிவத்தை நிரப்பினார். குறைந்த மதிப்பெண் அவருக்குத்தான். மலாய்த் தாதிக்கு நல்ல மதிப்பெண். அவருக்குத் தமிழ் பத்து வார்த்தைகூடத் தெரியாது, பாட்டிகளோடு பாசார் மலாயில்தான், அதாவது கடைத்தெருப் பேச்சு மலாயில்தான், பேசினார். ஆனால் ஒரு பாட்டி பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, கடைசியில் நண்டு ஊரவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டியபோது, அவர் தன் கையை நீட்டித் தனக்கும் செய்துகாட்டச் சொன்னார். மண்டபமே சிரித்தது.

அந்த விளையாட்டைப் பயிற்சியின் நடுவில் வைத்துப் பேசினோம். பிள்ளையும் பெரியவரும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து என்ன வரும் என்று பிள்ளை காத்திருக்கிறது. முறை வைத்து மாறி மாறி நடக்கிறது. விரலுக்கு விரல் எண்ணிக்கை, உறவுப் பெயர்கள், தொடுதல், சிரிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம், யூனிசெஃப், உலக வங்கி சேர்ந்து வெளியிட்ட பராமரிப்புச் சட்டகம் குழந்தைக்கு ஐந்து தேவை என்கிறது: உடல்நலம், ஊட்டம், பாதுகாப்பு, பிள்ளையின் குறிப்பறிந்து பதிலளிக்கும் பராமரிப்பு, தொடக்கக் கற்றல். கடைசி இரண்டும் நம் பாட்டிகளின் கையிலேயே இருக்கின்றன. தொலைபேசி வந்த பிறகு அந்தக் கை சும்மா இருக்கிறது. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைத் தடை உத்தரவாகச் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. "பேரனுக்குப் பருப்புக் கடைஞ்சு காட்டினீங்களா பாட்டி?" என்று கேட்டபோது தொலைபேசி கொஞ்ச நேரமாவது கீழே போனது.

எதைத் தடுப்பது, எதை விடுவது

பழக்கவழக்கங்களைப் பற்றித் தாதியருக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. இளையவர்கள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் அதை ஏற்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தாலாட்டு, பத்தியச் சாப்பாட்டில் பூண்டு, இவற்றோடு சண்டை போட்டால் உண்மையான ஆபத்தைச் சொல்லும்போது நம் பேச்சு எடுபடாது.

உண்மையான ஆபத்துகள் சிலவே. பிள்ளைத் துணிகளுக்குள் போடும் அந்துருண்டை அதில் முதலாவது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அதிலுள்ள நாஃப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும்; அளவு மீறிய மஞ்சள் மூளையையே தாக்கும். இதனால்தான் இங்கே பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்கள், முதல் நாட்களில் தாதி வீட்டுக்கு வந்து மஞ்சள் பார்க்கிறார். மூத்த பிள்ளையின் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புதுக் குழந்தைக்குப் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம், ஆகவே பெட்டிக்குள் என்ன போட்டிருந்தார்கள் என்று கேட்கத் தாதியரைப் பழக்கினோம். ஒரு வயதுக்கு முன் நாக்கில் தேன் தடவுவது அடுத்தது. அப்புறம், மூடிய அறையில் பிள்ளை முகத்துக்கு நேராகச் சாம்பிராணிப் புகை, 6 மாதத்துக்கு முன் உரைமருந்து, ஈயம் கலந்திருக்கக்கூடிய கடை மை. இவ்வளவுதான். மற்றவற்றை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். சாம்பிராணியைக்கூட, பிள்ளையை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போடுங்கள் என்றதும் பாட்டிகள் ஒத்துக்கொண்டார்கள்.

சட்டம் குறுக்கே வந்தது

பாட்டி முதல் நாள் கதவைத் திறக்காததன் காரணம் பிறகு தெரிந்தது. 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த 4 வயதுக்கு உட்பட்ட 4 பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொண்டால் சமூகநலத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பாட்டியிடம் ஐந்து பேர். தாதி என்றால் அரசாங்கம், அரசாங்கம் என்றால் சம்மன் என்று பயந்திருக்கிறார்.

தாதியரிடம் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல முடியாது. பதிவு விதி பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் இருக்கிறது. பதிவில்லாத இடங்களில் பிள்ளைகள் இறந்த செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அதே நேரம், தாதி காவல்காரியாக மாறினால் அந்த மாடியில் அடுத்த கதவு திறக்காது. பேசி முடிவெடுத்தது இது: பிள்ளைக்குத் துன்புறுத்தல் அல்லது உடனடி ஆபத்து என்று தெரிந்தால் தயங்காமல் புகார், அதற்கு 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம் இருக்கிறது. பதிவு விஷயத்தில், பாட்டியிடம் ஒளிக்காமல் சட்டத்தைச் சொல்லி, விண்ணப்பிக்க உதவுவது. பால்கனிக்கு ஒரு தடுப்புக் கம்பி அடுத்த வாரமே போடப்பட்டது. பிள்ளைகளின் அப்பாக்கள் இருவர் வந்து செய்தார்கள்.

விண்ணப்பம் எளிதாக இல்லை. பதிவு செய்பவர் அடிப்படைப் பயிற்சி எடுக்க வேண்டும். பாட்டி தமிழ் மட்டும்தான் படிப்பார். இந்தப் பெண்களுக்காகத் தமிழில், அவர்கள் பிளாட்டிலேயே, சாயங்காலத்தில் அந்த வகுப்பு நடக்க வேண்டும் என்று நான் எந்தக் கூட்டத்திலும் கேட்பேன்.

18ஆம் மாதத்தில்

தீர்வு பாட்டியிடமிருந்துதான் வந்தது. அம்மா, பாட்டி, தாதி மூவரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசியபோது, "ஆளுக்கொரு முட்டை காலைல குடுத்து விடச் சொல்லு. நா எல்லாத்துக்கும் ஒண்ணா ஆக்கிர்றேன்" என்றார். ஐந்து வீடும் ஒத்துக்கொண்டது. நெத்திலியைக் கழுவி வறுத்துப் பொடித்து, கெட்டிக் கஞ்சியில் முட்டையோடு போட்டு, ஐந்து பேரையும் வட்டமாக உட்காரவைத்து ஊட்டினார். தாதி சொன்னது ஒன்றே ஒன்று: ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு கரண்டி. மூன்று வயதுப் பெண் ஒருத்தி சாப்பிடுவதைப் பார்த்து நம் பையனும் வாய் திறக்கத் தொடங்கினான். தனியாக ஊட்டியபோது முக்கால் மணி நேரம் எடுத்தவன் அவன்.

18ஆம் மாத ஊசிக்கு வந்தபோது எடைக் கோடு ஏறியிருந்தது. உயரம் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. அது சீக்கிரம் மீளாது. எடை ஏறியது பயிற்சியால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். அதே காலத்தில் அம்மாவுக்கு வேலை நேரம் மாறியது, பால்டின்னைப் பற்றி இருவரும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்காக 1989 முதல் சுகாதார அமைச்சு கொடுக்கும் உணவுக் கூடைக்கு இந்தக் குடும்பத்தின் வருமானம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், வீட்டுக்கு வரும் கூடையில் பாட்டியின் அடுப்புக்கு எவ்வளவு போயிருக்கும் என்பது ஒரு கேள்வி.

சரியாக வராதவையும் உண்டு. அப்பாக்களைப் பால்கனிக் கம்பிக்கு அப்பால் கொண்டுவர முடியவில்லை. பிள்ளையின் பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. ஆட்டிசம் அறிகுறி பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாளில் கவலைப்படும்படி எதுவும் இல்லை என்றாலும் தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். எல்லாவற்றையும்விட வருத்தம், பாட்டியின் நம்பிக்கையைப் பெற்ற இளம் தாதி வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனது. நல்லவேளையாக மலாய்த் தாதி அந்த மாடியில் தொடர்கிறார். இருவர் இருவராகப் போவதில் இப்படி ஒரு பயனும் இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒருவர் போனாலும் கதவைத் திறக்கவைக்கும் முகம் ஒன்று மிச்சமிருக்கும்.

அடுத்த பிரிவுக்கான பாடத்திட்டத்தில் இரண்டு மாற்றங்களைக் கேட்டிருக்கிறோம். ஒன்று, பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் எடை எழுதும் பக்கத்திலேயே "பகலில் பார்த்துக்கொள்பவர்" என்று ஒரு வரியைத் தாதியர் கையால் எழுதிச் சேர்ப்பது, அவர் தொலைபேசி எண்ணோடு. இரண்டாவது, பரீட்சை வைக்க வரும் பாட்டிகளுக்கும் எங்களுக்குக் கொடுப்பது போலப் பயிற்றுநர் படி கொடுப்பது. முதலாவதை ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவதற்குப் பணம் தேடிக்கொண்டிருக்கிறோம்.